தாள்ல போட்டிருக்கு

ஒரு ஊர்ல ஒரு மழை இருந்துச்சாம். ஆனா அது அந்த ஊருக்குள்ள வரவே வராதாம். எட்ட நின்னு எட்டிப் பார்த்துட்டுப் போயிருமாம். மழை வராத ஊர்ல என்ன பண்ணுவாங்க? தாள் காய வைப்பாங்க, மை காய வைப்பாங்க. அப்படியே அந்த ஊர்க்காரங்க இனிமே வரப்போற நாளையெல்லாம் முன்கூட்டியே அச்சடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஆமா, காலண்டர். அடுத்த வருஷத்துத் திங்கக்கிழமை செவ்வாக்கிழமை எல்லாம் இந்த வருஷமே அங்க கட்டுக் கட்டா அடுக்கியிருக்கும். ம் சொல்லு. நீ "ம்" போடலைன்னா கதை நகராது.

ம்.

அந்த ஊர்ல ஒரு அச்சகம். உள்ள கால் வச்சாலே தடக்-தடக்-ஸ்ஸ்ஸ், தடக்-தடக்-ஸ்ஸ்ஸ்னு மிஷின் மூச்சு விடும். அங்கதான் தங்கபுஷ்பம் வேலை பார்த்தா. என்ன வேலை? புரூஃப் பார்க்கிற வேலை. அச்சாகுறதுக்கு முன்னாடி ஒவ்வொரு எழுத்தா வாசிச்சுத் தப்பைப் பிடிக்கணும். முந்நூத்தி அறுபத்தஞ்சு ராகு காலம், முந்நூத்தி அறுபத்தஞ்சு எமகண்டம். ஒரு அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாயிட்டா ஊரு உலகமே தப்பான நாள்ல காக்காய்க்குச் சோறு வச்சுட்டு நிக்கும். அதனால தங்கபுஷ்பம் விரலை வச்சு, எழுத்து எழுத்தா, மெதுவா வாசிப்பா. மெதுவா வாசிக்கிறதுதான் அவ தொழில். இதை மனசுல போட்டு வை, பின்னாடி வேணும்.

அப்புறம், காலண்டரை வெட்டுற மிஷின் ஒண்ணு இருந்துச்சு. கரக்னு வெட்டும், ஓரத்துல துண்டுத் தாள் விழும். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். எல்லாரும் அதை மூட்டை கட்டி வெளிய போடுவாங்க. இவ பொறுக்கி எடுத்து அதுல பாட்டு எழுதினா. பெரியவங்களுக்கு இல்ல, உன்ன மாதிரி வாண்டுகளுக்கு. முதமுதல்ல எழுதினது இது.

சேவலுக்குச் செருப்பு இல்ல,
சேத்துல நடக்கக் கூச்சம் இல்ல.
கூவிக் கூவி ஊரை எழுப்பும்,
கூலி கேட்டுப் பழக்கம் இல்ல.

இதை எடுத்துக்கிட்டு ஒரு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரியடுக்கு, தெருக்கோடிப் பள்ளிக்கூடத்துக்குப் போனா. மூணாங்கிளாஸ்ல நின்னு ஒரு தடவை பாடினா. ரெண்டாவது தடவை பிள்ளைங்க பாடுச்சுங்க. மூணாவது தடவை ஓடு பறந்துரும்போல இருந்துச்சு. அன்னைலேர்ந்து அவ பாட்டு டீச்சர். அவ டீச்சரே இல்ல. ஆனா கிளாஸுக்குள்ள யாரு வந்தாலும் பிள்ளைங்களுக்கு டீச்சர்தானே.

அப்புறம் என்னாச்சு, துண்டுத் தாள் நோட்டாச்சு, நோட்டு புத்தகமாச்சு. அச்சக முதலாளி அண்ணாச்சி, வேலை இல்லாத தை மாசி மாசத்துல சும்மா நிக்கிற மிஷின்ல அவளுக்கு ஒரு புத்தகம் போட்டுக் கொடுத்தாரு. பத்து வருஷத்துல ஒன்பது புத்தகம். சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடம் அத்தனையிலும் அவ சேவல்தான் கூவுச்சு. வெள்ளிக்கிழமை மட்டும் அவ வேற எங்கயும் போக மாட்டா. தெருக்கோடிப் பள்ளிக்கூடம்தான்.

ஆனா பாரு, ஊர்ல சில பேருக்கு வாய் சும்மா இருக்காது. குழந்தைக்குத்தானே எழுதுற, நிஜமான கவிதை எப்ப எழுதப் போறன்னு கேட்பாங்களாம், என்னமோ குழந்தைப் பாட்டெல்லாம் வேகாத இட்லி மாதிரி. தங்கபுஷ்பம் என்ன சொல்வா தெரியுமா? "பெரியவங்க புரியலைன்னாலும் தலையாட்டிருவாங்க. பிள்ளைங்க எந்திரிச்சுப் போயிரும். எது கஷ்டம்னு நீங்களே எழுதிப் பாருங்க."

ம்? முழிச்சிருக்கியா? சரி, இனிமேதான் விஷயமே.

ஒரு தை மாசம், சேவல் புத்தகத்தைத் திரும்ப அச்சடிச்சாங்க. அப்போ தாள் மடிக்கிற இடத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு. சேவல் படத்துக்குக் கீழ சேவல் பாட்டு வரணும்ல? மடிப்பு மாறி ஆட்டுப் பாட்டு வந்துருச்சு. புத்தகம் தைச்ச பிறகு யாரு பார்க்கா? தங்கபுஷ்பமும் பார்க்கலை. முந்நூத்தி அறுபத்தஞ்சு எமகண்டத்தைப் பார்க்கிறவ, தன் புத்தகத்தைப் பிரிச்சுப் பார்க்காம விட்டுட்டா. இருபத்தெட்டு புத்தகத்தைக் கட்டித் தூக்கிக்கிட்டு மூணாங்கிளாஸுக்குப் போனா. எல்லாரும் சேவல் பக்கத்தை எடுங்க, விரல் வச்சு வாசிங்கன்னா.

வாசிச்சாங்க. எப்படி வாசிச்சாங்க தெரியுமா, கணீர்னு. சே-வ-லுக்-குச் செ-ருப்பு இல்ல. இருபத்தேழு விரலும் வரி மேல சரசரன்னு ஓடுது. ஆனா வரியில இருக்கிறது என்ன? ஆடு. விரல் ஆட்டு மேல ஓடுது, வாய் சேவலைச் சொல்லுது.

தங்கபுஷ்பம் ஒரு பிள்ளை விரலைப் பார்த்தா, பக்கத்தைப் பார்த்தா. பத்து வருஷமா பிள்ளைங்க வாசிக்குதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தா. ஒண்ணும் வாசிக்கலை. பாட்டு அவ்வளவு நல்லா இருந்துச்சா, கேட்ட உடனே மனப்பாடம் ஆயிருச்சு. மனப்பாடம் ஆன பிறகு எழுத்தை எதுக்குப் பார்க்கணும்? அவ பாட்டே பிள்ளைங்களுக்கும் எழுத்துக்கும் நடுவுல கதவு மாதிரி நின்னுருக்கு.

இருபத்தேழுன்னு சொன்னேன்ல, இருபத்தெட்டாவது யாரு? கடைசி பெஞ்சுல, ஜன்னலோரம் ஒரு பிள்ளை. முனீஸ்வரி. அந்த ஜன்னலுக்குத் திரை கிடையாது. சாயங்கால வெயில் நேரா அவ மூஞ்சியில அடிக்கும். திரை கேட்டா அதுக்கு ஒரு ஃபைல் போட்டிருக்குன்னு நாலு வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒரு கையால வெயிலை மறைச்சுக்கிட்டு, இன்னொரு கை விரலை முதல் எழுத்துலயே வச்சுக்கிட்டு, வாயை மூடி உட்கார்ந்திருந்தா. தங்கபுஷ்பம் கிட்டப் போய்க் குனிஞ்சு, நீ ஏன் பாடலைன்னு கேட்டா.

முனீசு பயந்துக்கிட்டே சொன்னா. "டீச்சர், இதுல சேவலைக் காணோம். ஆடுல்ல இருக்கு."

யோசிச்சுப் பாரு. அந்தக் கிளாஸ்லயே நிஜமா வாசிக்கிற ஒரே பிள்ளை அவதான். அவளுக்கு அந்தப் பள்ளிக்கூடத்துல என்ன பேரு? மெல்லக் கற்பவர். பதிவேட்டுல சிவப்பு மையில எழுதி வச்சிருக்காங்க. ஏன் மெல்ல? எழுத்தைப் பார்க்கிறதால மெல்ல. பார்க்காதவங்க வேகமாப் போயிட்டாங்க. ரோட்டைப் பார்த்து நடக்கிறவ மெதுவா போறா, கண்ணை மூடிக்கிட்டு ஓடுறவன் முதல்ல வர்றான், பரிசு யாருக்குன்னா ஓடினவனுக்கு. நியாயமா இது? நீயே சொல்லு.

ம்ஹும்.

அதான்.

இதைவிட மோசம் ஒண்ணு இருக்கு. முனீசோட அம்மா பேரு பஞ்சவர்ணம். காலண்டர் மேல ஒரு தகரப் பட்டை இருக்கும்ல, அதை வச்சு அடிக்கிற வேலை. டின் அடிக்கிறதும்பாங்க. வீட்டுலயே கட்டை போட்டு உட்கார்ந்து டக் டக்னு நாள் பூரா அடிப்பா. அவளைக் கூப்பிட்டு விட்டு, பிள்ளைக்குப் படிப்பு ஏறலைன்னு பள்ளிக்கூடத்துல சொல்லி அனுப்பிட்டாங்க. ஏறாத படிப்புக்கு எதுக்கு அனுப்பணும், இந்த வருஷம் முடியட்டும், அப்புறம் என்கூட டின் அடிக்கட்டும்னு பஞ்சவர்ணம் முடிவு பண்ணிட்டா. அவளைக் குத்தம் சொல்லி என்ன பண்ண? பெரிய டீச்சரே சொன்னா அவ என்ன செய்வா.

அப்போ தங்கபுஷ்பத்துக்கு ஒரு பிடிவாதம் வந்துச்சு. கோடை லீவு விடுறதுக்குள்ள, இந்தப் பிள்ளை வாசிக்குதுன்னு பஞ்சவர்ணம் கண்ணால பார்க்கணும். இல்லைன்னா நான் எழுதின ஒன்பது புத்தகமும் உப்புக்குப் பெறாதுன்னு தனக்குத் தானே சொல்லிக்கிட்டா.

முதல்ல, பெரிய டீச்சர் ஜெயராணியைப் போய்ப் பார்த்தா. மூணாங்கிளாஸை நடத்துறதும் அவங்கதான். கெட்டவங்க இல்ல. சாக்பீஸைக்கூட பாதியா உடைச்சு மிச்சம் பிடிச்சுக் கொடுக்கிறவங்க. ஆனா அவங்க கழுத்துல ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். ஒரு நிமிஷத்துல எத்தனை வார்த்தை வாசிக்கிறாங்கன்னு எண்ணி எழுதணும்னு மேல இருந்து உத்தரவு. தங்கபுஷ்பம் சொன்னதை எல்லாம் கேட்டுட்டு முனீசை நிக்க வச்சு, ஆட்டுப் பாட்டைக் கையில கொடுத்து, டிக்னு அமுக்கினாங்க.

முனீசு விரல் வச்சா. ஆ... டு... மே... வெயில் வேற. டிக் டிக் டிக் டிக். நிமிஷம் முடிஞ்சுது. ஒன்பது வார்த்தை.

அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாங்க. அது புத்தகத்தை வாங்குச்சு, சேவல் பாட்டை மூணு தடவை கடகடன்னு ஒப்பிச்சுது. ஜெயராணி டீச்சர் நோட்டுல எழுதிக்கிட்டாங்க. அப்புறம் மெதுவாச் சொன்னாங்க, பங்குனியில ஆண்டு விழா வருது, ஆய்வுக்கு வர்ற ஐயாவே நேர்ல வர்றாரு, வாசிப்புல நம்ம பள்ளிக்கூடம்தான் முதல் இடம், உங்களுக்குப் பொன்னாடை போர்த்துறோம், உங்க பாட்டால வந்த பேரை நீங்களே கெடுக்காதீங்கன்னு.

முதல் தடவை தோத்தாச்சு.

ரெண்டாவது, அவ புதுப் பாட்டு எழுதினா. மனப்பாடம் பண்ணாததைக் கொடுத்தா வாசிச்சுத்தானே ஆகணும்? வாரம் ஒண்ணு, கரும்பலகையில எழுதினா. என்ன ஆச்சு? முதல் பெஞ்சுல ஒருத்தன் தட்டுத்தடுமாறி ஒரு வரியைச் சொல்லிட்டான். சொன்ன உடனே இருபத்தாறு வாய் ஞொய்ங்னு அதையே சொல்லுச்சு. பிரியடு முடியுறதுக்குள்ள பாட்டு கிளாஸ் பூரா மனப்பாடம். ஒருத்தர் சொல்ல மத்தவங்க சேர்ந்து சொல்றதுதானே கிளாஸுல வழக்கம். அந்தக் கூட்டத்துக்குள்ள முனீசு குரல் ஒண்ணு இல்லைன்னு யாருக்கும் தெரியவும் இல்ல.

ரெண்டாவது தடவையும் தோத்தாச்சு.

அன்னைக்கு அவ அச்சகத்துக்குத் திரும்பி வந்து, சும்மா நின்ன மிஷின் பக்கத்துல உட்கார்ந்துட்டா. எதிர்ச் சுவத்துல தினசரிக் காலண்டர். அண்ணாச்சி வந்து, வழக்கம்போல சர்ர்ர்னு ஒரு தாளைக் கிழிச்சாரு. கிழிச்ச பிறகுதான் அடுத்த நாள் தெரிஞ்சுது. அதுவரைக்கும் அது யாருக்கும் தெரியாது, ஒளிஞ்சு கிடந்துச்சு.

தங்கபுஷ்பம் எந்திரிச்சா. ஒரு காலண்டர் போடணும் அண்ணாச்சின்னு கேட்டா. தை மாசத்துல எவன் காலண்டர் போடுவான்னாரு. ஐம்பது நாளுக்கு மட்டும்னா. எதுக்கும் இருக்கட்டும், ராகு காலம் உண்டுல்லன்னு கேட்டாரு. கிடையாதுன்னா. அண்ணாச்சி தலையைச் சொறிஞ்சாரு. "ராகு காலம் இல்லாத காலண்டரா? உருப்பட்ட மாதிரிதான். சரி, வெட்டுத் தாள்ல போட்டுக்கோ."

போட்டா. ஐம்பது தாள், ஐம்பது பாட்டு, பாட்டெல்லாம் தாளோட பின்பக்கம். கட்டா அடுக்கி, பஞ்சவர்ணம் வீட்டுக்கே எடுத்துட்டுப் போய் டின் அடிக்கச் சொன்னா. பஞ்சவர்ணம் என்ன காலண்டர்னு கேட்கலை. டக், டக், டக். மூணே அடி. எடுத்துக்கோங்கன்னுட்டா.

அதைக் கொண்டுபோய் மூணாங்கிளாஸ் ஜன்னல்ல மாட்டினா. ஜெயராணி டீச்சரும் காலண்டர்தானேன்னு விட்டுட்டாங்க. சட்டம் ஒண்ணே ஒண்ணுதான். தினம் காலையில ஒருத்தர் போய்த் தாளைக் கிழிக்கணும். வாயைத் திறக்காம வாசிக்கணும். தாள் என்ன சொல்லுதோ அதைச் செய்யணும். மத்தவங்க அதைப் பார்த்துட்டு என்ன எழுதியிருக்கும்னு கண்டுபிடிக்கணும். அப்புறம் தாள் கை மாறிக் கை மாறிப் போகும், எல்லாரும் சரிபார்ப்பாங்க. காப்பி அடிக்கலாமா? யாரைப் பார்த்து அடிக்கிறது? கிழிக்கிற வரைக்கும் அந்தப் பாட்டை ஒருத்தரும் பார்க்கலையே.

முதல் நாள் முனீசு. வேணும்னேதான் கடைசி பெஞ்சுல இருந்து ஆரம்பிச்சா. சர்ர்ர். முனீசு வாசிக்கிறா. வாசிக்கிறா. வாசிச்சுக்கிட்டே இருக்கா. பிள்ளைங்க நெளியுதுங்க. ஜெயராணி டீச்சர் கை தானா ஸ்டாப்வாட்ச் கிட்டப் போகுது. அப்போ திடீர்னு முனீசு ஒரு காலைத் தூக்கினா. ஒத்தைக் கால்ல அசையாம நின்னா. கிளாஸ் கொல்னு சிரிச்சுது. அப்புறம் ஒவ்வொண்ணா, கொக்கு, கொக்குன்னு கத்துச்சுங்க. தாள் கை மாறிப் போச்சு.

கொக்கு நிக்குது குளத்துல,
கூட்டாளி இல்ல பக்கத்துல.
நீயும் நில்லு ஒத்தக் காலுல,
பத்து எண்ணு மனசுக்குள்ள.

மறுநாள் முதல் இடத்துக்காரன் முறை, அதான் சேவலை மூணு தடவை ஒப்பிச்சவன். சர்ர்ர்னு ஜோராக் கிழிச்சான். கிழிச்சுட்டு முழிச்சான். அரை மணி நேரம் முழிச்சான். ஒருத்தரும் அவனைக் கேலி பண்ணலை. பண்ண முடியுமா, நாளைக்கு நம்ம முறையாச்சே. கடைசியில, சாகத் துணிஞ்ச மாதிரி முதல் எழுத்துல விரலை வச்சான். முனீசு வைப்பால்ல, அதே மாதிரி.

அப்படியே நாள் நாளா, சர்ர், சர்ர்னு தை போச்சு, மாசி போச்சு. ஒரு தாள் தண்ணிப் பானைக்குத் தாகம்னு சொல்லும், போய் ஒரு சொம்பு ஊத்துவாங்க. ஒரு தாள் பக்கத்துப் பிள்ளை சட்டைப் பித்தானைப் போட்டு விடச் சொல்லும். கிளாஸ் சத்தம் குறைஞ்சு போச்சு, ஆனா உதடு அசைய ஆரம்பிச்சுது. எல்லாரும் படிச்சுட்டாங்கன்னு பொய் சொல்ல மாட்டேன். சிலது இன்னும் தடுமாறத்தான் செஞ்சுது. ஆனா தாளைப் பார்த்துத் தடுமாறுச்சு. அது வேற. தூங்கிட்டியா?

இல்ல. முனீசு அம்மா பார்த்தாங்களா?

வர்றேன், வர்றேன். பங்குனி வந்துச்சு. ஆண்டு விழா அழைப்பிதழ் அச்சாச்சு. புரூஃப் பார்த்தது யாரு? தங்கபுஷ்பமே. குழந்தைக் கவிஞர் தங்கபுஷ்பத்துக்குப் பொன்னாடை, மூணாங்கிளாஸ் மாணவர் வாசிப்புன்னு போட்டிருந்துச்சு. அவ பேர்ல ஒரு எழுத்துத் தப்பு இருந்துச்சு. அதைத் திருத்திக்கிட்டே இருந்தப்போ, அச்சகத்துக்கு வந்த ஜெயராணி டீச்சர், மெல்லக் கற்பவங்களை மட்டும் அன்னைக்கு லீவு போடச் சொல்லியிருக்கோம், நீங்க கவலைப்படாதீங்கன்னாங்க.

தங்கபுஷ்பம் பேனாவைக் கீழ வச்சா. "இருபத்தெட்டுப் பிள்ளையும் இருக்கணும் டீச்சர். ஒண்ணு குறைஞ்சாலும் நான் மேடை ஏற மாட்டேன். அழைப்பிதழை நீங்க வேற ஆளை வச்சுத் திருத்திக்கோங்க."

ஜெயராணி டீச்சர் அவ மூஞ்சியைப் பார்த்தாங்க. அழைப்பிதழையும் பார்த்தாங்க. சரின்னுட்டுப் போயிட்டாங்க.

அப்போ விழா நாள் வந்துச்சு. மூணாங்கிளாஸுக்கும் நாலாங்கிளாஸுக்கும் நடுவுல இருந்த தட்டியை எடுத்துட்டாங்க, அதான் மண்டபம். ஒரு ஓரத்துல மேசை, நாலு நாற்காலி, தட்டுல மடிச்சு வச்ச பொன்னாடை. ஆய்வு ஐயா வந்து நடு நாற்காலியில உட்கார்ந்தாரு. வாசல்ல அம்மாமாருங்க. பஞ்சவர்ணமும் நின்னா. விழா பார்க்க வரலை அவ. அவசர வேலை வந்துருச்சு, பிள்ளையைப் பாதியில கூட்டிட்டுப் போகலாம்னு வந்தா. முனீசு அதே கடைசி பெஞ்சு. அதே ஜன்னல். சாயங்கால வெயில் பளிச்னு அவ கண்ணுல.

சேவல் பாட்டை வாசிக்கச் சொல்லுங்கன்னாரு ஐயா. தங்கபுஷ்பம் எந்திரிச்சு, இன்னைக்கு சேவலுக்கு லீவு ஐயான்னா. பையில இருந்து இருபத்தெட்டு துண்டுத் தாளை எடுத்தா. எல்லாத்துலயும் ஒரே பாட்டு, யாரும் பார்க்காத பாட்டு. ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா. வாயைத் திறக்கக் கூடாது, சட்டம் தெரியும்லன்னா. போய் ஓரமா நின்னுக்கிட்டா.

அமைதி. ஃபேன் மட்டும் கிர்ர்க், கிர்ர்க். ஆண்டு விழாவுல இப்படி ஒரு அமைதியை யாரும் பார்த்ததில்ல. ஐயா வாட்ச்சைப் பார்த்தாரு. என்னம்மா நடக்குது, ஏன் யாருமே வாசிக்கலைன்னு கேட்டாரு. வாசிச்சுக்கிட்டு இருக்காங்க ஐயான்னா.

அப்போ முதல் பெஞ்சுல ஒருத்தன் வாயைப் பொத்திக்கிட்டான். ரெண்டாவது பெஞ்சுல ஒருத்தி தோள் குலுங்குச்சு. அப்புறம் ஒவ்வொரு கண்ணா நிமிர்ந்து, மேசை மேல இருந்த தட்டுக்குப் போச்சு. தட்டுல இருந்து ஜெயராணி டீச்சர் மூஞ்சிக்குப் போச்சு. டக்னு கீழ குனிஞ்சுக்கிச்சு. தங்கபுஷ்பம் எண்ணினா. பத்து, பதினஞ்சு, பத்தொன்பது ஜோடிக் கண்ணு. பத்தொன்பது பேரு வாசிச்சாச்சு. ஆனா ஒருத்தராவது எந்திரிக்கணுமே. பயம். பெரிய ஐயா உட்கார்ந்திருக்காரு, டீச்சர் முறைக்கிறாங்க. தாள் சொல்றதை எப்படிச் செய்யிறது?

முனீசு இன்னும் வாசிச்சுக்கிட்டு இருந்தா. ஒரு கை வெயிலுக்கு, ஒரு விரல் எழுத்துக்கு. கடைசி வார்த்தையில விரல் நின்னுச்சு. தாளை மடிச்சு பாவாடை மடிப்புல செருகினா. எந்திரிச்சா.

நேரா நடந்தா. நடுவுல யாரையும் பார்க்கலை. மேசைக்கு வந்தா, ஐயா கைக்குக் கீழ இருந்த தட்டுல இருந்து பொன்னாடையை எடுத்தா, உதறினா, பளபளன்னு சரிகை மின்னுச்சு. திரும்பி நடந்து போய், பெஞ்சு மேல ஏறி, ஜன்னல் கம்பியில ரெண்டு முடிச்சுப் போட்டுத் தொங்க விட்டா. வெயில் அணைஞ்சுது. இறங்கி, தன் இடத்துல உட்கார்ந்தா.

ஐயா எந்திரிச்சுட்டாரு. "யாரு சொல்லி இதைச் செஞ்ச?"

முனீசு குரல் நடுங்குச்சு, ஆனா வார்த்தை நடுங்கலை. "தாள்ல போட்டிருக்கு."

ஐயா ஒரு தாளை வாங்கினாரு. சட்டைப் பையில கண்ணாடியைத் தேடினாரு. கிடைக்கலை. தாளை எட்டப் பிடிச்சாரு, கிட்டப் பிடிச்சாரு. உதடு அசைய அசைய, விரலை வச்சு வாசிச்சாரு.

மேசை மேலே ஒரு துணி,
மின்னுது பார் சரிகை நுனி.
தோளுக்கு எதுக்கு? ஜன்னலுக்குப் போடு.
கண் கூசாமப் படிக்கலாம் இனி.

வாசிக்க நேரமாச்சு. தங்கபுஷ்பம் ஜெயராணி டீச்சர் பக்கம் சாய்ஞ்சு, ஸ்டாப்வாட்ச்சை அமுக்கலையா டீச்சர்னு கேட்டா. ஜெயராணி டீச்சர் உதட்டைக் கடிச்சுக்கிட்டு வேற பக்கம் திரும்பிட்டாங்க. கோபமா சிரிப்பான்னு யாருக்கும் தெரியலை.

ஐயா, இது மரியாதைக் குறைவு, பிள்ளைங்களுக்கு இதையா சொல்லிக் கொடுக்கிறதுன்னாரு. அப்போ தங்கபுஷ்பம் கையைக் கட்டலை, குரலையும் உயர்த்தலை. "ஐயா, அவ படிச்சதைச் செஞ்சா. இத்தனை வருஷமா பிள்ளைங்க படிக்காததைச் சொன்னாங்க, நாம கை தட்டினோம். நானும்தான் தட்டினேன். எனக்குத் தோள்ல ஒண்ணும் வேணாம். அந்த ஜன்னலுக்குத் திரை வேணும், அந்தப் பிள்ளை பேர்ல இருக்கிற சிவப்பு மையை அழிக்கணும்."

அதுக்கப்புறம் என்ன, அவளைத் தூக்கி வச்சுக் கொண்டாடினாங்கன்னு நினைக்கிறியா? அதெல்லாம் இல்ல. பள்ளிக்கூடத்துக்கு முதல் இடம் போச்சு. ஒழுங்கு போதாதுன்னு நோட்டுல எழுதினாங்க. அவ ஒன்பது புத்தகத்தையும் பள்ளிக்கூடப் புத்தகப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. சிவப்பு மையும் அப்படியேதான் இருந்துச்சு. ஆனா அந்தத் துண்டுத் தாளை ஐயா கிழிச்சுப் போடலை, மடிச்சுப் பையில வச்சுக்கிட்டாராம். ஜன்னல்ல இருந்த பொன்னாடையை ஜெயராணி டீச்சரும் எடுக்கலை.

தங்கபுஷ்பத்துக்கு அதெல்லாம் பெருசா படலை. அவ திரும்பிப் பார்த்தப்போ வாசல்ல பஞ்சவர்ணத்தைக் காணோம். பிள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டா. பார்த்தாளா, பார்க்கலையா? பார்த்திருந்தாலும், இப்படி வம்பு இழுக்கிற படிப்பு வேணாம்னு நினைச்சுட்டாளா?

மறுநாள் விடிஞ்சதும் தங்கபுஷ்பம் அவங்க வீட்டுக்குப் போனா. தெருவுல வரும்போதே கேட்குது, டக். டக். டக். எட்டிப் பார்த்தா, பஞ்சவர்ணம் கட்டை முன்னாடி உட்கார்ந்திருக்கா. பக்கத்துல முனீசு, மடியில தகரப் பட்டை. தங்கபுஷ்பம் வாசல்லயே நின்னுட்டா.

வாங்க டீச்சர்னா பஞ்சவர்ணம். நிமிரக்கூட இல்ல. டக். டக். அது ஒரு பள்ளிக்கூடத்துக்கு அச்சடிச்ச காலண்டர், ஜூன்ல இருந்து ஆரம்பிக்கும். ஆயிரக்கணக்கான காலண்டருக்கு அவ கைதான் டின் அடிச்சிருக்கு, ஒண்ணுலகூட என்ன போட்டிருக்குன்னு அவளுக்குத் தெரியாது. அதுல ஒண்ணை எடுத்து முனீசு முன்னாடி வச்சா.

"பள்ளிக்கூடம் திறக்கிற நாள் இதுல போட்டிருக்கும்ல. எங்கன்னு பார்த்துச் சொல்லு."

முனீசு மடியில இருந்த தகரத்தை இறக்கி வச்சா. விரலை வச்சா. ஜூ... ன்... விரல் ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்குப் போகுது. தங்கபுஷ்பத்துக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு, அதை அச்சுக்கு முன்னாடி வாசிச்சதே அவதானே. பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னா. பஞ்சவர்ணம் அவசரப்படுத்தலை. தூக்கின சுத்தியலைத் தூக்கினபடியே வச்சுக்கிட்டு இருந்தா.

"பள்... ளி... திறப்பு," முனீசு நிமிர்ந்தா. "ரெண்டாம் தேதி அம்மா. திங்கக்கிழமை."

பஞ்சவர்ணம் அந்தக் கட்டத்தை ஒரு தடவை உத்துப் பார்த்தா. அது என்ன எழுத்துன்னு அவளுக்குத் தெரியாது. எங்க இருக்குன்னு இப்ப தெரியும். "சரி," அப்படின்னா. "அன்னைலேர்ந்து உனக்கு டின் வேலை கிடையாது."

டக்.

அவ்வளவுதான். இன்னைக்குத் தாளைக் கிழிச்சாச்சு, இந்தக் கதைக்கும் டின் அடிச்சாச்சு. கண்ணை மூடு. நாளைக்கு என்னன்னு கேட்காத, அது அடியில ஒளிஞ்சு இருக்கு. விடிஞ்சதும் நீயே கிழி, நீயே வாசி. மெதுவாவே வாசி.

ம்.